மக்கின்லியின் வரியும் பாம்பன் பாலமும்

மண்டபத்தில் நடந்த கிளைக் கூட்டம் ஒன்றில் ஒரு தோழர் எழுந்து நின்றார். இறால் கம்பெனியில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர். "அமெரிக்காக்காரன் அவன் நாட்டுத் தொழிலாளிக்கு வேலை வேணும்னு வரி போடுறான். நம்ம தொழிலாளிக்காக நாமளும் அதைத்தானே கேட்கிறோம்? அப்புறம் அவனை மட்டும் ஏன் திட்டணும்?" என்று கேட்டார்.

கூட்டத்தில் இரண்டொருவர் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஏகாதிபத்தியம் ஒழிக என்று கோஷம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிற தோழர்களைவிட, எழுந்து நின்று இப்படிக் கேட்கிற தோழர் நூறு மடங்கு மேல். அன்று நேரமில்லாமல் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் நடந்தவற்றைப் பார்ப்போம். 2025 ஜனவரி 20ஆம் தேதி பதவியேற்ற அன்றே டிரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அலாஸ்காவில் உள்ள ஓர் உயர்ந்த மலைக்கு மக்கின்லி என்ற பழைய ஜனாதிபதியின் பெயரை மறுபடி சூட்ட வேண்டும் என்பது உத்தரவு. அந்த மலைக்கு அங்குள்ள ஆதிகுடி மக்கள் காலங்காலமாக வழங்கிய பெயர் டெனாலி. (நம் தெனாலிராமனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவன் இருந்திருந்தால் இந்த உத்தரவைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பான்.) ஏப்ரல் 2ஆம் தேதி உலக நாடுகளின் சரக்குகள் மீது வரி அறிவிப்பு வந்தது. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 6ஆம் தேதி, நம் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. ஆகஸ்ட் 27ஆம் தேதி இந்தியச் சரக்கு மீது 50 சதவீத வரி வந்தது. உறைய வைத்த இறாலுக்கு இந்தியாவின் மிகப் பெரிய சந்தை அமெரிக்கா. கடலில் வலைபோட்டுப் பிடித்த இறாலுக்கு, வலையில் ஆமை தப்பிச் செல்லும் பொறி இல்லை என்று சொல்லிச் சில ஆண்டுகளுக்கு முன்பே அந்த நாடு கதவை அடைத்துவிட்டது. மிச்சம் இருந்தது பண்ணை இறால். இந்த வரி விழுந்தது அதன் தலையில்.

வரி ஏறலாம், இறங்கலாம். வாஷிங்டனும் டில்லியும் பேரம் பேசிக்கொள்ளட்டும். ஏறுகிறபோது அது எப்படிக் கீழே வருகிறது என்பதை இந்தக் கரையில் உள்ளவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்குகிறவன் ஏற்றுமதிக்காரனிடம் விலையைக் குறைக்கிறான். ஏற்றுமதிக்காரன் பண்ணைக்காரனிடம் குறைக்கிறான். பண்ணைக்காரன் யாரிடம் குறைப்பான்? குளத்தில் இறங்குகிறவனிடமும், எடைக் கணக்குக்குத் தலை கிள்ளி ஓடு உரிக்கிற பெண்களிடமும்தான்.

யார் இந்த மக்கின்லி?

ஒரு பெயரை மலை உச்சியில் கொண்டுபோய் வைக்கிறார்கள் என்றால், அந்தப் பெயர் செய்த வேலை என்ன என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

1890இல் வில்லியம் மக்கின்லி அமெரிக்கக் காங்கிரசில் ஓர் உறுப்பினர். அவர் பெயரால் வந்த சட்டம் இறக்குமதி வரியைச் சராசரி 50 சதவீதம் அளவுக்கு ஏற்றியது. அன்றும் சொன்ன காரணம் அதேதான்: அமெரிக்கத் தொழிலாளியின் சம்பளத்தைக் காப்பாற்றப் போகிறோம்!

காப்பாற்றினார்களா? வரிச் சுவரால் கொழுத்தது உருக்குத் தொழில். உருக்குத் தொழிலின் மன்னர் கார்னகி. சட்டம் வந்து இரண்டே ஆண்டுகளில், 1892இல், பென்சில்வேனியாவில் ஹோம்ஸ்டெட் என்ற ஊரில் இருந்த அவருடைய ஆலையில் சம்பளத்தை வெட்டினார்கள். எதிர்த்த சங்கத்தை உடைக்க 300 கூலிப்படையினரைப் படகில் ஏற்றி இரவோடு இரவாக அனுப்பினார்கள். ஜூலை 6ஆம் தேதி ஆற்றங்கரையில் துப்பாக்கிச் சண்டை. இருபுறமும் உயிர்கள் போயின. பிறகு மாகாண சர்க்காரின் துருப்புகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. சங்கம் நொறுங்கியது. வரி அப்படியே இருந்தது, சம்பளம்தான் போயிற்று. ஐஸ் பெட்டி தூக்கும் தோழருக்கு நம் முதல் பதில் இந்த ஹோம்ஸ்டெட். வரியை வசூலித்த கை வேறு, சம்பளத்தைக் கொடுக்க வேண்டிய கை வேறு.

அடுத்து 1894. சிக்காகோ பக்கத்தில் புல்மன் என்ற ரயில்பெட்டி முதலாளி தம் பெயரிலேயே ஊர் கட்டி, அதில் தொழிலாளர்களைக் குடிவைத்திருந்தார். கூலியைக் குறைத்தார். வீட்டு வாடகையை மட்டும் குறைக்கவில்லை. யூஜின் டெப்ஸ் தலைமையில் ரயில்வேத் தொழிலாளர்கள் ஒத்துழைக்க மறுத்தார்கள். பாதி நாட்டில் ரயில் நின்றது. ஜனாதிபதி கிளீவ்லண்டு ராணுவத்தை அனுப்பினார். டெப்ஸ் சிறைக்குப் போனார். இதில் ஒரு வேடிக்கை: அதே கோடையில், அதே ஜனாதிபதி, தொழிலாளர் தினம் என்று ஒரு விடுமுறையையும் சட்டமாக்கிக் கொடுத்தார். ஒரு கையில் விடுமுறை, ஒரு கையில் துப்பாக்கி. மே முதல் நாளைக் கொடுக்கவில்லை, செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமையைக் கொடுத்தார். மே தினம் பிறந்ததே அதே சிக்காகோவில், 1886இல், எட்டு மணி நேரம் கேட்ட போராட்டத்தில் என்பதை அவர் மறந்திருக்க மாட்டார்.

மக்கின்லி 1897இல் ஜனாதிபதி ஆனார். 1898இல் ஸ்பெயினோடு யுத்தம். கியூபாவின் விடுதலைக்காக என்று சொல்லித் தொடங்கிய யுத்தம் முடிந்தபோது போர்ட்டோரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் மூன்றும் அமெரிக்கா கைக்கு வந்துவிட்டன. பிலிப்பைன்ஸுக்கு ஸ்பெயினுக்குக் கொடுத்த தொகை 2 கோடி டாலர். தீவின் மக்களைக் கேட்டார்களா? ஆடு மாடு விற்கும் சந்தையில் ஆட்டையா கேட்பார்கள்! ஹவாய்த் தீவுகளையும் அதே ஆண்டில் இணைத்துக்கொண்டார்கள். அங்கே சர்க்கரைத் தோட்ட முதலாளிகள் 1893லேயே அரசியைக் கவிழ்த்திருந்தார்கள். அவர்களைத் துள்ள வைத்த காரணங்களில் ஒன்று 1890இன் மக்கின்லி வரிச் சட்டம். அந்தச் சட்டத்தால் ஹவாய்ச் சர்க்கரைக்கு அமெரிக்கச் சந்தையில் இருந்த சலுகை போய்விட்டது. அமெரிக்காவோடு சேர்ந்துவிட்டால் சலுகை திரும்பி வரும் அல்லவா?

பொன் பட்டியல், வெள்ளிப் பட்டியல்

1901இல் மக்கின்லி சுடப்பட்டு இறந்தார். தியடோர் ரூஸ்வெல்ட் வந்தார். இவரைச் சீர்திருத்தக்காரர் என்று சரித்திரப் புத்தகங்கள் புகழ்கின்றன. புகழ்வதில் நியாயமும் இருக்கிறது. நாம் மறைக்க வேண்டியதில்லை. 1902இல் நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 1,40,000 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர் முதலாளிகளையும் சங்கத்தையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். அதற்கு முன்பு எந்த ஜனாதிபதியும் அதைச் செய்ததில்லை. தொழிலாளர்களுக்கு 10 சதவீத உயர்வும், பத்து மணி வேலைக்குப் பதில் ஒன்பது மணியும் கிடைத்தன. சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை. 1906இல் உணவுக் கலப்படத் தடைச் சட்டமும் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் வந்தன. அப்டன் சின்க்ளேர் சிக்காகோ கசாப்பு ஆலைத் தொழிலாளியின் துன்பத்தை நாவலாக எழுதினார்; நாடு தன் தட்டில் இருந்த இறைச்சியைப் பற்றிப் பதறியது, தொழிலாளியை மறந்தது.

அதே 1902இல் கடலுக்கு அப்பால் என்ன நடந்தது? பிலிப்பைன்ஸ் மக்கள் தங்கள் சுதந்திரத்துக்காக மூன்று ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருந்தார்கள். சமார் தீவில் ஜேக்கப் ஸ்மித் என்ற தளபதி, பத்து வயதுக்கு மேற்பட்டவர்களைக் கொல்லலாம் என்று 1901இலேயே உத்தரவு போட்டிருந்தார். ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. கிடைத்த தண்டனை? கண்டனமும் கட்டாய ஓய்வும். சுரங்கத் தொழிலாளிக்கு நியாயம் தேடிய அதே ஜனாதிபதியின் கையெழுத்துத்தான் இதிலும் இருந்தது.

இரண்டு ரூஸ்வெல்ட் இருந்தாரா? இல்லை, ஒருவர்தான். உள்நாட்டில் தொழிலாளிக்கு வாக்குச் சீட்டு இருந்தது, சங்கம் இருந்தது, ரயிலை நிறுத்தும் சக்தி இருந்தது. சமார் தீவுக்காரனுக்கு வாக்கு இல்லை. கண்ணியமும் கருணையும் இதில் அவ்வளவாக வேலை செய்யவில்லை, தோழர்களே. சீர்திருத்தம் என்பது பிடுங்கி வாங்கியது. பிடுங்க முடியாதவனிடம் அது போய்ச் சேரவில்லை.

இதைப் பச்சையாகக் காட்டும் இடம் பனாமா. 1904 முதல் 1914 வரை அமெரிக்கா அங்கே கால்வாய் வெட்டியது. வெட்டியவர்களில் பெரும்பாலோர் பார்படோஸ் முதலான தீவுகளின் கறுப்புத் தொழிலாளர்கள். சம்பளப் பட்டியல் இரண்டு வைத்தார்கள். வெள்ளை அமெரிக்கர்களுக்குப் பொன் பட்டியல், கறுப்பர்களுக்கு வெள்ளிப் பட்டியல். சம்பளம் வேறு, குடியிருப்பு வேறு, சாப்பாட்டுக் கொட்டகை வேறு. அமெரிக்க சர்க்கார் வேலைக்கு எட்டு மணி நேரச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. 1906இல் காங்கிரஸ் ஒரு வரி எழுதிச் சேர்த்தது: கால்வாய் வேலையில் உள்ள அந்நிய நாட்டுத் தொழிலாளிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது! கணக்கில் வந்த சாவு 5,609. அதில் ஏறத்தாழ 4,500 பேர் வெள்ளிப் பட்டியல்காரர்கள். ஒரே மண், ஒரே மண்வெட்டி, ஒரே எஜமானன். ஆனால் சட்டம் இரண்டு.

சிக்காகோ இரும்பு நம் கரைக்கு வந்த கதை

பனாமா எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். கால்வாய் திறந்தது 1914 ஆகஸ்டு. அதற்கு ஆறு மாதம் முன்பு, 1914 பிப்ரவரி 24ஆம் தேதி, பாம்பன் பாலம் திறந்தது. நடுவில் இரண்டு பக்கமும் கைபோலத் தூக்கிக் கப்பலுக்கு வழிவிட்டதே, அந்தத் தூக்குப் பாலத்துக்கு ஷெர்சர் என்று பெயர். வில்லியம் ஷெர்சர் சிக்காகோ எஞ்சினியர். 1893இல் இறந்தார். அவர் வகுத்த முறையில் முதல் பாலங்கள் சிக்காகோ ஆற்றின் மேல் 1895இல் எழுந்தன. அந்த முறையை வாங்கி, இங்கிலாந்தின் ஹெட் ரைட்சன் கம்பெனி இரும்பு வார்த்துக் கொடுக்க, தென்னிந்திய ரயில்வே இங்கே நிறுத்தியது. ஷெர்சர் இறந்த அதே 1893இல்தான், ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியின் ஆதரவோடு விவேகானந்தர் அதே சிக்காகோவுக்குப் போய்ப் பேசினார். 1897இல் அவர் திரும்பி இறங்கியதும் இந்தப் பாம்பனில்தான். அதைக் கொண்டாடுகிற அளவுக்கு மற்றதை நாம் பேசுவதில்லை.

எதற்காக அந்தப் பாலம்? ராமேசுவரத்துக்குச் சாமி கும்பிடப் போகிறவர்களுக்காக வெள்ளைக்காரன் கடலில் இரண்டு கிலோமீட்டர் தூண் நட்டான் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். சரக்கு போய்வர வழி வேண்டும். சென்னையில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக்கு ரயில். அதுதான் போட் மெயில். தோட்டத்துக்குப் போகிறவனுக்கு மட்டும் வழியில் ஒரு நிறுத்தம் உண்டு, மண்டபம் முகாம். இலங்கை சர்க்கார் நடத்திய முகாம். அங்கே சில நாள் அடைத்து வைத்து, அம்மை குத்தி, எண்ணிப் பார்த்து அனுப்பினார்கள்.

பாலம் எழுந்த ஆண்டுகளைக் கவனியுங்கள்: 1911 முதல் 1914. 1911இல் இங்கிலாந்தில் தொழிலாளிக்கு நோய்க் காப்பீடும் வேலையில்லாக் காலக் காப்பீடும் சட்டமாயின. முதியோர் பென்ஷன் 1908லேயே வந்துவிட்டது. அதே 1911இல் இந்தியாவுக்கு வந்த தொழிற்சாலைச் சட்டம் என்ன சொன்னது? துணி ஆலையில் வயது வந்த ஆண் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாதாம்! வேலையில் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு, இங்கிலாந்தில் 1897, இங்கே 1923. சங்கத்துக்குச் சட்ட அந்தஸ்து, அங்கே 1871, இங்கே 1926. 1918இல் சென்னையில் பிறந்த தொழிலாளர் சங்கத்தின் மீது மில் முதலாளிகள் வழக்குப் போட முடிந்ததற்கு இந்த இடைவெளிதான் காரணம்.

1908இல் நம் பக்கத்துத் தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி. முன்னின்றார். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. லண்டனில் கிழவர்களுக்குப் பென்ஷன் சட்டம் கொண்டுவந்த அதே ஆண்டில், அதே சாம்ராஜ்யம், தூத்துக்குடியில் ஞாயிற்றுக்கிழமை வாங்கிக் கொடுத்தவரைக் கைது செய்து இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. வழக்கு ராஜத்துரோகம் என்று. உள்ளே இருந்த எரிச்சல் மில்லும் கப்பலும்தான்.

அக்கரையில்

சிக்காகோவில் மோட்டார் தூக்கிய பாலத்தைப் பாம்பனில் ஆட்கள் கையால் சுழற்றித் தூக்கினார்கள். அந்தக் கைகளுக்குக் கீழே போன ரயிலில் இருந்தவர்கள் அக்கரையில் துண்டு என்ற காகிதத்தில் கட்டுண்டார்கள். கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டம் போகலாம். 1921இல் துண்டு ஒழிந்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. இவையும் பிடுங்கி வாங்கியவைதான். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளியைப் போலீஸ் சுட்டுக் கொன்றது, கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில்.

இங்கேதான் கசப்பான பகுதி வருகிறது. இலங்கை 1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்த நாடு. 1945இல் இலவசக் கல்வி கொடுத்த நாடு. ஏழை நாடுகளில் இவ்வளவு சீர்திருத்தம் செய்த நாடு அன்று அதிகம் இல்லை. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு தேயிலையிலிருந்து. தேயிலை கிள்ளியவர்கள் யார்? நம் ராமநாதபுரம், திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து போனவர்களின் பிள்ளைகள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்கும் போயிற்று. வெள்ளைக்காரன் போய்விட்டான், வெள்ளிப் பட்டியல் அங்கேயே இருந்தது.

1964 அக்டோபர் 30ஆம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தொழிலாளியை யாரும் கேட்கவில்லை. 1898இல் பிலிப்பைன்ஸ்காரனைக் கேட்காதது போலத்தான். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயல் வந்து தனுஷ்கோடியை அழித்தது. ஓடிக்கொண்டிருந்த ரயிலையே கடல் எடுத்துக்கொண்டது. ஷெர்சர் தூக்குப் பாலம் மட்டும் நின்றது. பாலத்தைச் செப்பனிட்டு மறுபடி ரயில் விட்டார்கள். ராமேசுவரத்தில் கப்பல் வந்து இறங்கியவர்கள், தாத்தா போன அதே மண்டபம் முகாம் வழியாகத் திரும்பி வந்தார்கள். தாத்தா ஒரு பெட்டியோடு போனார், பேரனும் ஒரு பெட்டியோடு வந்தான்.

இப்போது தோழரின் கேள்விக்குத் திரும்புவோம். அமெரிக்கத் தொழிலாளிக்கு வேலை வேண்டும் என்பதில் நமக்கு ஒரு சண்டையும் இல்லை. ஹோம்ஸ்டெட்டில் செத்தவன் நம் ஆள். ஆனால் அந்த நாட்டின் தொழிலாளர் தலைவர்களும் ஒரு தவறு செய்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். 1898இல் பிலிப்பைன்ஸை விழுங்குவதை எதிர்த்தவர்களில் சாமுவேல் கோம்பர்ஸ் என்ற பெரிய சங்கத் தலைவர் ஒருவர். நல்ல காரியம். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, ஆசியக் கூலிகள் வந்து நம் சம்பளத்தைக் கெடுப்பார்கள் என்பது. சீனத் தொழிலாளிக்குக் கதவடைக்கும் சட்டத்தை ஆதரித்தவரும் அவரே. வெள்ளிப் பட்டியல்காரனைத் தன் சங்கத்தில் சேர்ப்பதற்குப் பதிலாக, அவன் வராமல் இருந்தால் போதும் என்று நினைத்தார். முதலாளிகளோ சும்மா இருப்பார்களா? அந்நியனைக் காட்டி உள்ளூர்க்காரனின் சம்பளத்தைக் குறைத்தார்கள். உள்ளூர்க்காரனைக் காட்டி அந்நியனை மிரட்டினார்கள்.

இதைக் கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். நமக்கு அந்தத் தலையாட்டல் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இன்று நம் கட்டட வேலையிலும், மீன் கம்பெனிகளிலும் ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். தகரக் கொட்டகையில் பத்துப் பேர் படுக்கிறார்கள். "இவனுங்க வந்துதான் நம்ம கூலி கெட்டுது" என்ற பேச்சு நம் கிளைகளிலேயே கேட்கிறது. வளைகுடாவில் நம் ஊர்ப் பையனைப் பற்றி இதே பேச்சைப் பேசினால் மட்டும் நமக்குக் கோபம் வருகிறது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு என்று 1979லேயே ஒரு சட்டம் போட்டார்கள்; அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு கொட்டகைக்குள் போன தோழர்கள் எத்தனை பேர்?

கேள்வி கேட்ட தோழரிடமே நாம் திருப்பிக் கேட்டோம்: உங்கள் கம்பெனியில் வெளிமாநிலத்துக்காரர் எத்தனை பேர்? "பாதிக்கு மேலே" என்றார். சங்கத்தில்? அவர் பதில் சொல்லவில்லை. கிளைச் செயலாளர் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பெயரும் இல்லை.

அடுத்த கூட்டம் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஐஸ் பெட்டி தூக்கும்போது மறுமுனையைப் பிடிக்கிற ஒரிசாப் பையனை அழைத்து வருவதாகத் தோழர் சொல்லியிருக்கிறார். அவன் பேச்சைத் தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று செயலாளர் தேடிக்கொண்டிருக்கிறார்.